ஃபேன் பெல்ட்டும் சீரக எண்ணெயும்

எனக்கு எண்பத்திரண்டு வயது நடக்கிறது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நாலு நான் பெற்றது, ரெண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. எது யார் பிள்ளை என்று தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது, அப்படித்தான் வளர்த்தேன். என் வீட்டில் பால் பொங்கி வழிந்ததில்லை. கதவு கிறீச்சிட்டதில்லை. கொடியில் போட்ட துணி மழையில் நனைந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. செய்தவள் சொல்லலாம்.

ஒரே ஒரு காரியம் மட்டும் கோணலாகப் போயிற்று. அதில் கெட்டது என் பேர் இல்லை, இன்னொருத்தர் பேர். அதனால் அதை எழுதி வைக்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் தென்காசி ரயிலடியில் டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி, சாம்பல் நிற அம்பாசடர். எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆனி ஆடியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. ரயிலடியிலிருந்து குற்றாலம், அங்கிருந்து ஐந்தருவி, பழைய குற்றாலம், திரும்ப ரயிலடி. வருஷம் முழுக்கச் சோறு போடுவது அந்த ரெண்டு மூணு மாசம்தான். மத்தியானம் மட்டும் சாப்பிட வருவார். பானெட்டைத் தூக்கி வைத்து என்ஜினை ஆறவிட்டு, உள்ளே வந்து ஒரு தூக்கம் போடுவார்.

காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது நான் காபித் தம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் பொட்டு அளவுக்குச் சிவப்பாக ஒரு விளக்கு எரியும். வண்டி கிளம்பியதும் அணைந்துவிடும். கல்யாணமான புதிதில், எரிந்த விளக்கு ஏன் அணைகிறது, ரிப்பேரா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. டைனமோ என்பது கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிற ஆள் மாதிரி. என்ஜின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் டைனமோ சுற்றும், தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும். இறைக்கிற ஆள் வேலைக்கு வராவிட்டால் சிவப்பு எரியும். வந்துவிட்டால் அணையும். அணைந்தால்தான் நல்லது.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கிணறும் தொட்டியும் எனக்குத் தெரியாததா. அதிலிருந்து வண்டி ஓட்டுவது ஒன்றைத் தவிர வண்டியைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூணு நாளாக வெயிலே இல்லை. ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்ததும் முன்பக்கத்திலிருந்து ‘கீய்ய்ங்’ என்று ஒரு சத்தம். தெருமுனை தாண்டும் வரை கத்திக்கொண்டே போயிற்று. மறுநாளும் அப்படியே. எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாள், "என்ன மதினி, காலங்காத்தால உங்க வீட்டுல பன்னிக்குட்டிய மிதிக்காவளா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் சத்தம் போடுகிற பொருள் கிடையாது என்று அவளிடம் நானே பலதடவை சொல்லியிருக்கிறேன். மத்தியானம் அவர் வந்ததும் கேட்டேன். சாரலில் பெல்ட் நனைந்து கத்துகிறது, கொஞ்சம் தளர்ந்தும் இருக்கிறது, நேரம் கிடைத்தால் இழுத்துக் கட்டச் சொல்லணும் என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

வண்டியைக் கழுவலாம், துடைக்கலாம், பானெட்டுக்குள் நான் கை வைக்கக் கூடாது. அது அவர் சட்டம். ஆனால் பானெட் அவரே தூக்கி வைத்தபடிதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு சக்கரம், பக்கத்தில் மேலே ஒரு சின்னச் சக்கரம், அவற்றைச் சுற்றி ஒரு கறுப்பு வார். பார்த்த உடனே கிணற்று ராட்டுதான் ஞாபகம் வந்தது. ராட்டு கத்தினால் என்ன செய்வோம்?

உள்ளே போய்த் தலைக்கு வைக்கிற எண்ணெயை எடுத்து வந்தேன். மிளகும் சீரகமும் பொரித்துக் காய்ச்சின நல்லெண்ணெய். பழந்துணியை அதில் முக்கி, அந்த வாரில் கைக்கு எட்டின மட்டும் தடவினேன். உள்பக்கமும் விரலை விட்டுத் தடவினேன். கையைக் கழுவிவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி உளுந்து புடைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. மறுநாள் காலையிலும் இல்லை. எதிர்வீட்டுக்காரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவர், "சாரல் கொஞ்சம் விட்டிருக்கு, அதான் கத்தல" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்பது ஒரு பாதி. அவர் கையால் ஆகாதது என் கையால் ஆயிற்று என்று மனசுக்குள் வைத்திருப்பதில் ஒரு ருசி இருந்தது, அது மறு பாதி.

அதற்கு ரெண்டு நாள் கழித்து அவர் முகம் வாடி வந்தார். பொழுது சாய்கிற நேரம் பழைய குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, மழைக்கு வைப்பரும் ஓடுகிறது, ஹெட்லைட்டும் போட்டிருக்கிறது, அப்போது சிவப்பு விளக்கு எரிந்ததாம். முழுசாக இல்லை, மங்கலாக, சாம்பலுக்குள் கங்கு மாதிரி. லைட்டை அணைத்தால் சிவப்பும் அணைகிறதாம். மறுநாள் வண்டி கிளம்பத் திணறிற்று. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடக் கொடுத்து வாங்கினார். ஒரு நாள் ஓடிற்று, திரும்பவும் கங்கு.

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரிதான் போய்விட்டது என்றார் ஒருத்தர். ஐந்தருவித் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் பேட்டரிக்கும் வாதம் போய்விடும் என்றார் இன்னொருத்தர். அதற்கு இவர், "உம்ம தலையில ஊத்தும், முதல்ல அது தெளியட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

கடைசியில் எலக்ட்ரீசியனிடம் போனார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தகரம் வேய்ந்த ஒரு சின்னக் கடை. டைனமோ, செல்ஃப் மோட்டார், வயரிங் எல்லாம் பார்ப்பார். எங்க வீட்டுக்காரரை விட ஆறேழு வயசு இளையவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பேச்சு கம்மி. எந்த டைனமோவை, மோட்டாரைக் கையில் எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். உள்ளே சுருள் கருகியிருந்தால் வாடையிலேயே தெரிந்துவிடுமாம். ஸ்டாண்டில் இருந்த வண்டி எல்லாம் அவரிடம்தான் போகும்.

அவர் பார்த்தது பகலில், மழை இல்லாத நேரத்தில். சாவியைத் திருப்பினால் சிவப்பு எரிந்தது, ஆகவே பல்பு நல்ல பல்பு. வண்டியைக் கிளப்பினால் அணைந்தது. ரெண்டு வயரில் ஒரு பல்பை மாட்டி டைனமோவில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தால் எதைச் சரி பண்ணுவது? இருந்தாலும் டைனமோவைக் கழற்றி, தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, எல்லாவற்றையும் பெட்ரோல் துணியால் துடைத்து மாட்டினார். பெல்ட்டையும் துடைத்துக் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். பெல்ட் பழசு, வெடிப்பு விட்டிருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து ஒன்று வரவழைத்து மாற்றிவிடலாம் என்றார். சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டார் இவர்.

சிவப்பு போயிற்று. ஆனால் மறுநாள் காலையில் வண்டி திரும்பவும் கத்திற்று.

நான் திரும்பவும் எண்ணெய் வைத்தேன்.

இப்போது இதை எழுதும்போது எனக்கே கேட்கத் தோன்றுகிறது, ரெண்டையும் சேர்த்துப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையா என்று. தோன்றவில்லை. சத்தம் என் கணக்கு, விளக்கு அவர் கணக்கு. சத்தத்தை நான் சரி பண்ணிவிட்டேன், விளக்கைத்தான் இவர்கள் யாருக்கும் சரி பண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன். உண்மையில் நான் சத்தத்தை அடக்கின ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாளில் விளக்கு எரிந்தது.

ரெண்டாம் தடவை வண்டி போனபோது பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதை எலக்ட்ரீசியன் பார்த்துவிட்டார். அம்பாசடர் என்றால் எங்கேயாவது ஆயில் கசியத்தான் செய்யும். முன்பக்கத்தில் ஆயிலை அடைத்து வைக்கிற சீல் போயிருக்கும், மெக்கானிக்கிடம் காட்டுங்க அண்ணாச்சி என்றார். சீசன் உச்சத்தில் ரெண்டு நாள் வண்டியை நிறுத்தி அந்த ஆயில் சீலை மாற்றினார்கள். அந்த ரெண்டு நாளும் இவர் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தார். வண்டி வந்தது, மூணாவது நாள் கத்திற்று. நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். மூணாவது தடவை.

அந்த வாரம் கடையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விறைப்பான மனுஷன். முழங்கால் வலிக்கு அருவியில் நிற்க வந்த மனைவி கூட. சாயங்காலம் ஐந்தருவியிலிருந்து இறங்கும்போது நல்ல சாரல், ஹெட்லைட், வைப்பர். சிவப்பு இந்தத் தடவை கங்காக இல்லை, முழுசாகவே எரிந்தது. கொஞ்ச தூரத்தில் லைட் மஞ்சளாயிற்று, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது, பிறகு வண்டியே நின்றது. அந்த அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, ஓய்வு பெற்ற அந்த மனுஷர் நனைந்துகொண்டே பின்னாலிருந்து வண்டியைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே, "பட்டாளத்துல லாரிதான் தள்ளினேன். காரு தள்ளணும்னா தென்காசிக்கு வரணும் போல" என்றாராம். பக்கத்தில் போன நாலைந்து டாக்சி மெதுவாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. எங்க வீட்டுக்காரர் அதை என்னிடம் சொன்னபோது சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே எலக்ட்ரீசியன் கடைக்குப் போனார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றினார், மோந்து பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை மோந்து பார்த்தாராம். பிறகு, தானாகவே திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து வைத்திருந்த புதுப் பெல்ட்டை எடுத்து மாட்டினார். "பெல்ட்டுதான் அண்ணாச்சி. வழுக்கியிருக்கு. முதல் நாளே மாத்தியிருக்கணும், என் தப்பு" என்றார். அவ்வளவுதான்.

புதுப் பெல்ட் கத்தவில்லை. கத்தாததால் நானும் கிட்டப் போகவில்லை. சிவப்பு அன்றோடு ஒழிந்தது.

இவருக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பெல்ட்டைப் பார்க்கத் தெரியாமல் டைனமோவைப் பிரித்தான், பிரஷ்ஷை மாற்றினான், ஆயில் கசியுது என்று சீலை மாற்ற வைத்தான், கடைசியில் நடுரோட்டில் மானம் போயிற்று. இதை வீட்டில் சொன்னதோடு விடவில்லை, ஸ்டாண்டிலும் சொன்னார். ஒரு நாள் இல்லை, தினமும். ஐந்தருவி ரோட்டில் வண்டியைத் தள்ளினதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வேலை தெரியாதவன் என்று பேர் விழுந்துவிட்டது. வண்டிகள் செங்கோட்டை ரோட்டில் வேறொரு கடைக்குப் போக ஆரம்பித்தன.

அந்த வெள்ளிக்கிழமை நான் டிக்கியைத் துடைத்தேன். பழைய பெல்ட் உள்ளே கிடந்தது, அவசரத்துக்கு உதவும் என்று இவர் போட்டு வைத்திருக்கிறார். கையில் எடுத்தேன். வழவழவென்று இருந்தது. மூக்குக்குக் கிட்ட வந்ததும் சீரகம் மணத்தது.

அவர் சாப்பிடும்போது கேட்டேன், பெல்ட் ஏன் வழுக்கும் என்று. "தளர்ந்தா வழுக்கும், எண்ணெய் பட்டா வழுக்கும். லைட்டு வைப்பர்னு எல்லாத்தையும் போட்டா டைனமோவச் சுத்துதது பாரம். பெல்ட்டுக்குப் பிடி இல்லன்னா சக்கரத்து மேல சும்மா ஓடும், அது சுத்தாது. இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார். எதுக்குமில்லை என்றேன்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். நாளை நான் எண்ணினேன், அதனால் தெரியும். வண்டிதான் சரியாகிவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு தடவை நினைப்பேன். அந்த எலக்ட்ரீசியனும் முதலிலேயே பெல்ட்டை மாற்றியிருக்கலாமே என்று ஒரு தடவை நினைப்பேன். அதற்குள் அவரே எழுந்து கண்முன்னால் நிற்பார், மாற்றச் சொன்னேனே மதினி என்று.

மண்ணெண்ணெய் வரிசையில் எலக்ட்ரீசியன் மனைவியைப் பார்த்தேன். எனக்கு அடுத்தாற்போல் வந்து நின்றாள். என்னை விடச் சின்னவள், அக்கா என்பாள். எங்க வீட்டுக்காரர் பேசியதால்தான் எல்லாம் என்று அவளுக்குத் தெரியுமோ என்னமோ, என்னிடம் கோபமாகப் பேசவில்லை. கடைக்கு ஒரு வண்டியும் வருவதில்லை என்றாள். சிவகிரியில் அவள் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், அங்கே வந்துவிடச் சொல்கிறான், ஆடி கழிந்ததும் போய்விடலாம் என்று இருக்கிறார்கள். "சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுத கையா அக்கா அது?" என்றாள். "ஒரு பழைய டைனமோவ வச்சுக்கிட்டு பிரிக்காவ, மாட்டுதாவ, பிரிக்காவ, மாட்டுதாவ. நாள் பூரா அதான் வேலை. என்னன்னு கேட்டா பேச மாட்டாவ." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வரிசை நகர்ந்தது. நான் டின்னை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துப் போன பிறகு, அந்தப் பெல்ட்டை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். எலக்ட்ரீசியன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்ன டைனமோ மேசைமேல் பிரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"தம்பி, இதுல எண்ணெய் வச்சது நான்" என்றேன்.

"தெரியும் மதினி."

"எப்படித் தெரியும்?"

"மிளகும் சீரகமும் மணக்குத என்ஜின் ஆயில் எங்கன விக்காவ?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். முதல் தடவை வெறும் பிசுக்கு என்று துடைத்துவிட்டாராம், ரெண்டாம் தடவை சீல் என்று நினைத்தாராம், மூணாவது தடவைதான் மோந்து பார்த்தாராம். சாரல் நேரமாக இருந்ததால் பிழைத்தது, வெயில் நாளாக இருந்தால் ஃபேனும் சுற்றாமல் ரேடியேட்டரும் கொதித்திருக்கும் என்றார்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணாச்சி வீட்டுல பெல்ட்டுக்கு எண்ணெய் விடுதாவன்னு ஸ்டாண்டுல தெரிஞ்சா, அவுக தலையத் தூக்கி வண்டி ஓட்டண்டாமா? எனக்கு என்ன, நான் மூலையில உக்காந்து வேலை பாக்குறவன்" என்றார். அப்புறம் மெதுவாக ஒன்று கேட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க மதினி. கிணத்து ராட்டுல அச்சுக்குத்தான எண்ணெய் விடுவோம். கயித்துக்கா விடுவோம்?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கயிற்றில் எண்ணெய் பட்டால் வாளி கையிலிருந்து நழுவிவிடும் என்று எனக்குத் தெரியாதா? பத்து வயதிலிருந்து தண்ணீர் இறைத்தவள். எனக்குத் தெரியாத ஒன்றில் தவறு செய்யவில்லை நான். தெரிந்ததில் செய்திருக்கிறேன். அச்சு எங்கே என்று எனக்குக் கண்ணில் படவில்லை, வார் பட்டது, அதில் தடவினேன். எதிர்வீட்டுக்காரி வாயை அடைக்க அவ்வளவு அவசரம்.

அவர் பெல்ட்டை எடுத்து என் பைக்குள்ளேயே போட்டார். விட்டுவிடுங்க மதினி, நான் சிவகிரிக்குப் போகத்தான் போகிறேன், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

கடையை விட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் ரயிலடி. ஸ்டாண்டுக்கு நான் அதுவரை போனதே இல்லை. சாப்பாடு கொடுத்தனுப்புவதாக இருந்தால்கூடப் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்புவேன். அன்றைக்குப் போனேன். ரயில் வர நேரம் இருந்தது. ஏழெட்டு வண்டி நின்றது. டிரைவர்மார் வேப்பமரத்தடியில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்க வீட்டுக்காரர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கு என்னவோ என்று துணியைப் போட்டுவிட்டு வந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்றேன்.

பெல்ட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். "இது எங்க வண்டி பெல்ட்டு. இதுல எண்ணெய் தடவினது நான். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அந்த எலக்ட்ரீசியன் தம்பி வேலையில ஒரு குத்தமும் கெடையாது. திட்டணும்னா என்னயத் திட்டிட்டு, வண்டிய அவருட்டக் கொண்டு போங்க."

விரித்திருந்த பேப்பர்கள் கீழே இறங்கின. பிறகு ஒருத்தர், வயசானவர், பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார். "நல்லெண்ணெயா மதினி, வேப்பெண்ணெயா?"

"நல்லெண்ணெய். மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சினது. நம்பலன்னா மோந்து பாரும்."

அவர் வாங்கி மோந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் மோந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். யாருக்காவது சிரிப்பு வந்தால் இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டார்கள். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்க வீட்டுக்காரர் கைக்கு வந்தது. சனிக்கிழமைதோறும் அவர் தலையில் நான் வைக்கிற எண்ணெய்தான் அது. அவர் ரொம்ப நேரம் மோந்து பார்க்கவில்லை. பெல்ட்டைச் சுருட்டிச் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு, முன்கதவைத் திறந்தார்.

"ஏறுளா" என்றார்.

ரயில் வரும் நேரம், சவாரி நேரம். ஏறினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர், "வேலை தெரியாதவம்னு சொன்னேன் அவன" என்றார். என்னிடம் சொல்லவில்லை, முன்கண்ணாடியிடம் சொன்னார்.

வண்டியைக் கடை வாசலில், ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். எலக்ட்ரீசியன் வெளியே வந்து பார்த்தார், உள்ளே நான் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். எங்க வீட்டுக்காரர், "தம்பி, ஹாரன் சத்தம் கம்மியா இருக்கு. என்னன்னு பாரு" என்றார். ஹாரனுக்கு ஒன்றும் இல்லை. வரும்போதுகூட ஒரு மாட்டு வண்டிக்கு அடித்தார். எலக்ட்ரீசியன் அமுக்கிப் பார்த்தார். ஊருக்கே கேட்டது. "இன்னுங் கொஞ்சம் கூட்டலாம் அண்ணாச்சி" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். அரைமணி நேரம் ரெண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ரயிலில் வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக அந்த வழியில்தான் போயின. ஒவ்வொன்றும் மெதுவாகப் போயிற்று.

சீசன் முடிவதற்குள் பாதி வண்டிகள் திரும்பி வந்தன. மீதி செங்கோட்டை ரோட்டுக் கடையிலேயே பழகிவிட்டன. இருந்தாலும் அவர் சிவகிரிக்குப் போகவில்லை. எனக்கு ‘ஆயில் மதினி’ என்று பேர் வைத்தார்கள். எங்க வீட்டுக்காரர் வண்டி வந்து நின்றால், "அண்ணாச்சி, வண்டிக்கு வெள்ளிக்கிழமைக் குளிப்பா, சனிக்கிழமைக் குளிப்பா?" என்று கேட்பார்கள். அவர் கேட்டுக்கொள்வார். ஒரு வருஷம் கேட்டார், ரெண்டு வருஷம் கேட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு நாளும் காட்டவில்லை. எதிர்வீட்டுக்காரியிடமும் நானே போய்ச் சொன்னேன், பன்னிக்குட்டியை எப்படி வாயடைத்தேன் என்று. அவள் தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லட்டும்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். எலக்ட்ரீசியன் மனைவி அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நான் நின்றால் நாலு பேருக்குப் பின்னால் போய் நிற்பாள். ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் வந்து சொன்னாளே என்று மற்றவர்கள் என்னை மெச்சினார்கள், நானும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவள் மட்டும் மெச்சவில்லை. அவள் கணக்கு சரியான கணக்கு. அன்றைக்கு என் பக்கத்தில் நின்று அவள் அழுதபோது எனக்கு எல்லாம் தெரியும். பெல்ட்டை மோந்து பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ‘நான்தான்’ என்று அங்கேயே, அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் டின்னை நகர்த்தி வைத்தேன். கடையில் சொன்னேன், ஸ்டாண்டில் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன். அவளிடம் சொல்லவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஏட்டி, ஆச்சி பக்கத்துல இங்கன வந்து உக்காரு. எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், கூட்டி வாசிச்சுக்கோ. முதல்ல இருந்து வாசி, மெதுவா. அந்தப் புள்ள மண்ணெண்ணெய் வரிசையில வந்து நிக்குத இடம் வந்ததும் ரெண்டு தடவ வாசி. அவ சொன்னத நான் சரியா எழுதியிருக்கேனான்னு கேக்கணும்.